சுமைக்கும் ஒரு கணக்கு உண்டு

சிறு நகரங்களின் செல்வநிலை மாறுவதைப் புள்ளிவிவரங்களுக்கு முன்பே தெருக்கள் சொல்லிவிடுகின்றன. புதுக்கோட்டையில் அம்பாசடர் கார் நிற்கும் வீடு என்று சொன்னால் அடையாளம் காட்டப் போதுமானதாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று திருச்சி சாலையிலும் ஆலங்குடி சாலையிலும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் வகை வண்டிகள் அன்றாடக் காட்சியாகிவிட்டன. அவற்றுள் சில, விற்பனை நிலையத்திலிருந்து வெளிவந்த உருவில் இல்லை. உடற்பகுதி ஓரிரு அங்குலம் உயர்த்தப்பட்டிருக்கிறது, சக்கரங்கள் பெருத்திருக்கின்றன, கூரையின் மேல் எரிபொருள் கேன்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

என்னிடம் பொருளியல் பயின்றவர்களில் சிலரும் இத்தகைய வண்டிகளை வாங்கியிருக்கிறார்கள். 'சார், லடாக் வரை போகப் போகிறோம். சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்தலாமா? டேங்க்கைப் பெரிதாக்கலாமா?' என்று கேட்கிறார்கள். பொறியியல் வினா பொருளியல் ஆசிரியரிடம் வருவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், ஒன்றைக் கூடுதலாகப் பெறுவதற்கு எதை, எவ்வளவு இழக்க வேண்டியிருக்கிறது என்பதே இவ்வினாவின் உட்பொருள். அது பொருளியலின் அடிப்படை வினா. இதற்குத் தவறான விடை கண்டால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. உயிரும் அதில் அடங்கும். அந்த உயிர் எதிரே வரும் மூன்றாம் மனிதருடையதாகவும் இருக்கலாம்.

முதலில் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர்க்கு இது புதிதன்று. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளைப் பொருத்திய மாட்டுவண்டியை 'வில்வண்டி' என்றார்கள். லாரிப் பட்டறைகளில் இன்றும் வழங்கும் 'கமான் பட்டை' என்ற சொல்லில் உள்ள 'கமான்' பாரசீக மொழியில் வில்லைத்தான் குறிக்கிறது. இரு பெயர்களும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: அழுத்தினால் வளைந்து, விட்டால் மீளும் பொருள் அது. பட்டையாக இருந்தாலும் சுருளாக இருந்தாலும் வில்லின் வேலை சுமையைத் தாங்குவதும், சக்கரம் மேடுபள்ளத்தைத் தழுவிச் செல்ல இடம் கொடுப்பதும் ஆகும்.

ஆனால் வில் மட்டும் இருந்தால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபின் நெடுநேரம் குதித்துக்கொண்டே செல்லும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே புகுந்து செல்லும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாகிறது. சரளைச் சாலைகளில், துணி துவைக்கும் பலகையைப் போல வரிவரியாக எழும் மேடுகளின் மேல் மணிக்கணக்கில் ஓடும்போது அந்த எண்ணெய் கொதிக்குமளவு சூடேறி நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய் எதிர்ப்பைத் தராது. வண்டி கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கும். நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைத்த ஷாக் அப்சார்பர்கள் உருவானது இந்த நுரைத்தலைத் தடுக்கத்தான். ஆகவே, நெடுந்தூரக் கரடுமுரடுப் பயணத்துக்கு உண்மையில் முதலில் தேவைப்படுவது உயரம் அன்று. வெப்பத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பரும், வழக்கமாக ஏற்றும் சுமைக்குப் பொருந்தும் வில்லும்தான்.

'பொருந்தும்' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வண்டியின் பின்பக்க வில்கள் 50 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். பின்னால் 200 கிலோ ஏற்றினால் நான்கு சென்டிமீட்டர் தாழும். முகப்பு நிமிர்ந்து, விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். முன்சக்கரங்களின் பிடிப்பும் குறையும். இதற்குக் கடினமான வில் தீர்வுதான். ஆனால், பயணம் முடிந்து சுமை இறங்கிய பின்னும் அதே கடினமான வில்லோடு நகருக்குள் ஓட்டினால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரத்தால் பிரேக் பிடிக்க இயலாது. ஆண்டுக்குப் பத்து நாள் மேற்கொள்ளும் பயணத்துக்காக எஞ்சிய 355 நாள்களின் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

அடுத்தது உயரம். வண்டியை உயர்த்தினால் அடியில் கல் இடிக்காது என்பது பொது நம்பிக்கை. அது பாதி உண்மைதான். இரு சக்கரங்களையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கும் வண்டிகளில், தரைக்கு மிக அருகே இருப்பது அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி. நீளமான வில் பொருத்தினால் உடற்பகுதி உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். டயரின் விட்டம் மூன்று அங்குலம் கூடினால் அச்சு ஒன்றரை அங்குலம் உயரும். அதற்கு ஈடாக வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இன்ஜினின் இழுவை குறையும். பிரேக் பிடிக்கக் கூடுதல் விசை தேவைப்படும். உடற்பகுதி உயர்வதால் சரிவுகளில் ஏறி இறங்கும் கோணம் கூடும் என்பது மெய்யே. ஆனால் விசையைக் கடத்தும் தண்டுகளின் இணைப்புக் கோணம் மாறித் தேய்மானம் மிகும். பிரேக் குழாய்கள் இழுபடும். ஸ்டியரிங் தானே நேர்நிலைக்குத் திரும்பும் இயல்பு மங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய விலை நிலைத்தன்மையில் கொடுக்கப்படுகிறது. வண்டி கவிழும் வாய்ப்பை மதிப்பிட அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எளிய அளவையைப் பயன்படுத்துகிறது: இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 150 செ.மீ., மையத்தின் உயரம் 70 செ.மீ. என்றால் விடை 1.07. வண்டியை இரண்டு அங்குலம், அதாவது 5 செ.மீ. உயர்த்தினால் அது 1.00 ஆகக் குறைகிறது. இப்போது கூரையில் 20 லிட்டர் கேன்கள் நான்கை ஏற்றுவோம். பெட்ரோலும் கேனும் சேர்ந்து சுமார் 75 கிலோ. 1,800 கிலோ எடையுள்ள வண்டியில், தரையிலிருந்து 190 செ.மீ. உயரத்தில் இந்தச் சுமையை வைத்தால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்துக்குச் சென்றுவிடும், அளவை 0.94 ஆகிவிடும். எடையில் நான்கு விழுக்காடே கூடியிருக்கிறது. ஆனால், அது வைக்கப்பட்ட இடம், வண்டியை உயர்த்தியதற்கு ஏறக்குறைய நிகரான தீங்கைச் செய்துவிட்டது. நெடுஞ்சாலையில் குறுக்கே வந்த ஆட்டுக்காக ஸ்டியரிங்கை ஒடிக்கும் நொடியில்தான் இந்தப் பின்னத்தின் பொருள் விளங்கும்.

சுமையின் அளவிலும் ஒரு மயக்கம் நிலவுகிறது. 'கமான் பட்டை கூட்டிவிட்டோம். இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்' என்று எண்ணுகிறார்கள். வண்டிக்குத் தயாரிப்பாளர் விதித்த மொத்த எடை வரம்பு, வில்லை மட்டும் கருதி விதித்ததன்று. அச்சு, சேஸிஸ், பிரேக், டயர் ஆகிய அனைத்தையும் கருதியது. வில்லை மாற்றினால் வண்டி தாழாமல் நிற்கும், வரம்பு உயராது. ஒரு வண்டி 500 கிலோ சுமக்கலாம் என்று கொள்வோம். நால்வர் ஏறினால் 280 கிலோ போயிற்று. முன்புற எஃகுக் கம்பிக்கும் இழுவைக் கருவிக்கும் 80, கூரைச் சட்டத்துக்கும் கூடாரத்துக்கும் 70, கூடுதல் டேங்க்குக்கும் எரிபொருளுக்கும் 70. வரம்பு நிறைந்துவிட்டது. குடிநீருக்கும் உணவுக்கும் கருவிப் பெட்டிக்கும் இடமில்லை. மயிலிறகைக் கொண்டு வண்டி அச்சின் அளவை உணர்த்தியவர் வள்ளுவர். நாமோ எஃகை ஏற்றிவிட்டு அளவைக் கேட்காமல் இருக்கிறோம்.

இனி எரிபொருளுக்கு வருவோம். பெரிய டேங்க் என்ற எண்ணம் பிறந்தது பாலைவனத்தில். 1940இல் எகிப்தில் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேய அதிகாரி தொலைதூரப் பாலைவனப் படைப்பிரிவை உருவாக்கினார். சாதாரண ஷெவர்லே லாரிகளின் கதவுகளையும் கண்ணாடிகளையும் கழற்றி எடையைக் குறைத்து, வில்களில் பட்டைகளைக் கூட்டி, எரிபொருளையும் நீரையும் ஏற்றிக்கொண்டு லிபிய மணற்கடலைக் கடந்தது அப்படை. அவர்கள் கூட்டுவதற்கு முன் கழித்தார்கள் என்பது கருதத்தக்கது. மணலின் இயக்கத்தைப் பற்றி 1941இல் பாக்னால்டு வெளியிட்ட நூல் இன்றும் அறிவியலாளர்களால் பயிலப்படுகிறது.

அக்காலத்தில் பிரிட்டிஷ் படைகளின் மெல்லிய தகர டின்கள் வழியெங்கும் ஒழுகி எரிபொருளைப் பெருமளவு வீணடித்தன. ஜெர்மானியரிடமோ 1930களின் இறுதியில் உருவான 20 லிட்டர் எஃகுக் கேன் இருந்தது. மூன்று கைப்பிடிகள், நெம்பி மூடும் வாய், நீரில் மிதக்க உதவும் காற்றறை ஆகியவை கொண்டது அது. ஜெர்மானியரைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லால் 'ஜெர்ரி கேன்' எனப் பெயர் பெற்றது. இதன் வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. 1939இல் பால் பிளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குத் தரைவழிப் பயணம் புறப்பட்டார். வழியில் குடிநீர் வைத்துக்கொள்ள அந்த நண்பர் படைக் கிடங்கிலிருந்து எடுத்து வந்த மூன்று கேன்களே கல்கத்தா வரை வந்து, பின்னர் அமெரிக்கர்கள் அவ்வடிவமைப்பை அறியக் காரணமாயின.

பாலைவனத்தில் எரிபொருள் ஏன் அத்துணை பெரிய சிக்கல் என்பதைக் கணிதவியலார் 'ஜீப் கணக்கு' என்ற பெயரில் ஆராய்ந்தனர். 1947இல் அதன் தீர்வு வெளியாயிற்று. ஒரு டேங்க்கில் 600 கி.மீ. செல்லும் ஜீப் ஒன்று. வழியில் பெட்ரோல் நிலையமே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு டேங்க் அளவுக்கு மேல் சுமக்க இயலாது. இரண்டு டேங்க் எரிபொருள் கையிருப்பில் இருந்தால் எவ்வளவு தூரம் கடக்கலாம்? 1,200 என்று தோன்றும். உண்மை 800தான். முதலில் 200 கி.மீ. சென்று மூன்றில் ஒரு பங்கை அங்கே இறக்கிவைத்துவிட்டு, எஞ்சிய மூன்றில் ஒரு பங்கில் திரும்ப வேண்டும். மீண்டும் நிரப்பிக்கொண்டு புறப்பட்டு, வழியில் அந்தப் பங்கை எடுத்துக்கொண்டால் டேங்க் நிறையும். அங்கிருந்து 600 கி.மீ. செல்லலாம். மூன்றாவது டேங்க் இதனுடன் 120 கி.மீ. மட்டுமே கூட்டும், நான்காவது 86 கி.மீ. தூரத்தை இரட்டிப்பாக்க, அதாவது 1,200 கி.மீ. கடக்க, ஏறத்தாழ எட்டு டேங்க் எரிபொருள் தேவை. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகிறது. கல்லூரியில் குறைந்து செல் விளைவு விதி என்று நாங்கள் கற்பித்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆஸ்திரேலியாவில் பெரிய டேங்க் பொருத்துவது ஒரு தொழிலாகவே வளர்ந்ததற்கான காரணமும் இதில் இருக்கிறது. அங்குள்ள கேனிங் கால்நடைப் பாதை மணற்குன்றுகளின் ஊடே சுமார் 1,850 கி.மீ. நீள்கிறது, எரிபொருள் கிடைக்கும் இடம் இடையில் மிக அரிது. அங்கே பெரிய டேங்க் ஆடம்பரமன்று. பல நடைகளைத் தவிர்க்கும் சிக்கனம்.

இந்தியாவில் நிலை என்ன? நம் நாட்டில் எரிபொருள் இடைவெளிக்குப் பெயர்பெற்ற இடம் மணாலி - லே சாலை. இமாசலப் பிரதேசத்தின் தாண்டியில் உள்ள நிலையத்தில் 'அடுத்த நிலையம் 365 கி.மீ.' என்று எழுதிய பலகையின் அருகே நின்று படமெடுக்காத பயணிகள் குறைவு. கணக்கிடுவோம். ஏற்றமும் குளிரும் சுமையும் சேர்ந்து ஒரு லிட்டருக்கு 9 கி.மீ. மட்டுமே கிடைக்கிறது என்று வைத்தால் 365 கி.மீ.க்கு 40.5 லிட்டர். வழிமாற்றத்துக்கும் மண்சரிவுக் காத்திருப்புக்கும் கால் பங்கு கூட்டினால் 51 லிட்டர். 2020இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் டேங்க் 57 லிட்டர். மாற்றம் எதுவும் தேவையில்லை. மாருதி ஜிம்னியின் டேங்க் 40 லிட்டர். லிட்டருக்கு 11 கி.மீ. கிடைத்தால் இருப்புப் பங்கோடு 41.5 லிட்டர் தேவை. பத்து லிட்டர் கேன் ஒன்று அந்தக் குறையைத் தீர்த்துவிடும். நாட்டின் மிகப் புகழ்பெற்ற இடைவெளிக்கே இதுதான் விடை என்றால், கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் செல்லும் வண்டியில் நூறு லிட்டர் டேங்க் எதற்கு?

லடாக்கின் உண்மையான இடர்கள் வேறு. 19,024 அடி உயரத்தில் உள்ள உம்லிங் லா கணவாயில் காற்று கடல்மட்டத்தின் பாதியளவே அடர்த்தி கொண்டது. இன்ஜினும் மூச்சுத் திணறும், ஓட்டுபவரும் திணறுவார். கடுங்குளிரில் சாதாரண டீசலில் மெழுகு படிந்து குழாயை அடைக்கும். அதனால்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019இல் லடாக்குக்காக அறிமுகப்படுத்தியது. பெரிய டேங்க்கில் நம் ஊர் டீசலை நிரப்பிக்கொண்டு போவது இச்சிக்கலைத் தீர்க்காது, கூட்டவே செய்யும்.

டேங்க்கைப் பெரிதாக்கும் முறையிலும் ஆபத்து அடங்கியிருக்கிறது. எரிபொருள் டேங்க் வெறும் தகரப் பெட்டியன்று. பாதி நிரம்பிய நிலையில் எரிபொருள் அலைமோதி வண்டியைச் சாய்க்காதிருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு. ஆவி வெளியேறவும், வண்டி கவிழ்ந்தால் எரிபொருள் சிந்தாதிருக்கவும் தனித்தனி வால்வுகள் உண்டு. சூடான புகைக்குழாயிலிருந்து விலகியும், பின்னால் மோதல் நேர்ந்தால் நசுங்காத இடத்திலும் அது அமைக்கப்படுகிறது. பட்டறையில் அளவெடுத்து ஒட்டும் பெட்டியில் இவையெல்லாம் இருக்குமென எதிர்பார்க்க இயலாது. பழைய டேங்க்கை அறுத்து ஒட்டுவது இன்னும் கொடியது. நிரம்பிய டேங்க்கைவிடக் காலியான டேங்க் ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் கலந்து, வெல்டிங் பொறி ஒன்று பட்டாலே வெடிக்கும். அந்த வேளையில் அங்கே நிற்பவர் வண்டியின் உரிமையாளர் அல்லர். நாள்கூலிக்கு வேலை செய்யும் இளைஞர்.

கேன்களுக்கும் விதி உண்டு. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமமின்றி ஒருவர் 30 லிட்டர் வரை வைத்திருக்கலாம். உலோகக் கலம் ஒன்றின் கொள்ளளவு 25 லிட்டரைத் தாண்டலாகாது. மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு அச்சட்டத்தின் 9ஆவது பிரிவு தனிச் சலுகைகள் தருகிறது. கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். இல்லாவிடில் நிலைமின்னூட்டம் தீப்பொறியாகலாம். விளிம்பு வரை நிரப்பலாகாது. வெப்பம் 20 டிகிரி ஏறினால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் விரியும். பயணிகள் அமரும் பகுதியில் வைக்கவே கூடாது.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வண்டியின் வெற்று எடையும் ஆர்.சி.யில் இடம்பெறும் விவரம். பெரிய டேங்க்கும் எஃகுக் கம்பிகளும் அதை மாற்றிவிடுகின்றன. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் வண்டிச் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்படக் காரணமாகலாம். மாதத் தவணையில் வாங்கிய வண்டி உருக்குலைந்து, இழப்பீடும் கிடைக்காமல், தவணை மட்டும் தொடரும் நிலை ஒரு நடுத்தரக் குடும்பத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின்தள்ளிவிடும்.

இவ்வளவு சொன்னபின், தடை ஒன்றே தீர்வு என்று நான் கருதவில்லை. பிழைப்புக்காக வண்டியை மாற்றியமைக்கும் மரபு தமிழ்நாட்டில் வலுவானது. நாமக்கல்லின் லாரிக் கூண்டுகளும், கரூரின் பேருந்துக் கூண்டுகளும், நாடெங்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நம் பட்டறைகளின் திறனுக்குச் சான்றுகள். திறன் இருக்கிறது, அதைச் சோதித்துச் சான்றளிக்கும் எளிய வழி சொந்த வண்டிகளுக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் இலகுரக வாகன மாற்றங்களுக்குத் தேசிய நடைமுறைக் கையேடு ஒன்று உண்டு. எந்த மாற்றத்துக்குப் பொறியாளர் சான்று வேண்டும் என்பதை அது வகைப்படுத்துகிறது. சோதிக்கப்பட்ட வில்லும் துணைப்பாகங்களும் பொருத்தி, மொத்த எடை வரம்பையே முறைப்படி உயர்த்திப் பதிவுசெய்யவும் அங்கே வழியிருக்கிறது. மாற்றங்களுக்கான தரங்களையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை 2019 திருத்தம் நம் மத்திய அரசுக்கும் தந்திருக்கிறது. புணேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனமும், சென்னையை அடுத்த ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையமும் சோதனைக்கு இருக்கின்றன. சோதிக்கப்பட்ட வில், ஷாக் அப்சார்பர், டேங்க் ஆகியவற்றின் பட்டியலை வெளியிட்டு, பொருத்தியபின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுசெய்துகொள்ள வகைசெய்தால், இன்று மறைவாக நடப்பது வெளிச்சத்துக்கு வரும். முழுத் தடை என்பது நடைமுறையில் தரமற்ற பொருளுக்குக் கிடைக்கும் மறைமுகப் பாதுகாப்பாகிவிடுகிறது. நல்ல பொருளும் கெட்ட பொருளும் ஒருசேரச் சட்டவிரோதமாக இருக்கும் சந்தையில் மலிவானதே வெல்லும்.

இன்னொன்றும் உண்டு. கரடுமுரடான வழியில் செல்லும் வண்டி நம் மாவட்டத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட நாள்கள் இருந்தன. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி வட்டாரங்களில் சாய்ந்த தென்னைகளும் பலாக்களும் சாலைகளை மூடின. மின்சாரம் பல நாள்கள் வரவில்லை. குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்ற ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். அவற்றுக்கு டீசல் வேண்டியிருந்தது. அன்று மரம் அறுக்கும் இயந்திரத்தையும் எரிபொருளையும் மருந்தையும் ஏற்றி உட்கிராமங்களுக்குச் செல்லும் திறனுள்ள அரசு வண்டி எத்தனை இருந்தாலும் போதாது என்றே தோன்றியது. கோட்டைப்பட்டினம், மணமேல்குடி முதலிய கடலோரப் பகுதிகள் கொண்ட மாவட்டம் இது. இன்னொரு புயல் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. தீயணைப்புத் துறைக்கும் மின்வாரியத்துக்கும் மருத்துவத் துறைக்கும், சுமைக்கேற்ற வில்லும் முறையாகச் சோதிக்கப்பட்ட கூடுதல் டேங்க்கும் கொண்ட நான்கு சக்கர இயக்க வண்டிகள் சிலவற்றைக் கடலோர ஒன்றியங்களில் நிறுத்திவைப்பது வீண்செலவாகாது. தனிமனிதரின் வண்டியில் ஆண்டுக்குப் பத்து நாள் பயன்படும் திறன், பொதுப்பணியில் ஓர் ஊரின் உயிரைக் காக்கும்.

தனிப்பட்ட பயணத்துக்குப் புறப்படும் இளைஞர்களுக்கு ஒரு வரிசையைப் பரிந்துரைப்பேன். முதலில், செல்லும் வழியில் பெட்ரோல் நிலையங்களுக்கு இடையேயுள்ள மிக நீண்ட தூரத்தைக் கண்டறிந்து, மிகக் குறைந்த மைலேஜால் வகுத்து, கால் பங்கு கூட்டுங்கள். விடை டேங்க்கின் கொள்ளளவுக்குள் அடங்கினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அடங்காவிட்டால் தரமான உலோகக் கேன் ஒன்றை வண்டியின் தாழ்வான, காற்றோட்டமான, வெளிப்புற இடத்தில் பொருத்துங்கள். இரண்டாவதாக, ஏற்றவிருக்கும் பொருள்கள் அனைத்தோடும் வண்டியை எடைமேடையில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். நம் ஊர் எடைமேடைகளில் அதற்குச் சிறு கட்டணமே ஆகும். வரம்பை மீறியிருந்தால் வில்லைக் கூட்டாதீர்கள், பொருளைக் குறையுங்கள். மூன்றாவதாக, தேய்ந்த ஷாக் அப்சார்பர்களையும் டயர்களையும் மாற்றுங்கள். மணலில் சிக்காதிருக்கச் செலவில்லாத வழி டயரின் காற்றழுத்தத்தைக் குறைப்பது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறவாமல் காற்றை நிரப்புங்கள். இவ்வளவுக்குப் பின்னும் சஸ்பென்ஷனை மாற்றியே ஆகவேண்டும் என்று தோன்றினால், பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்து வழியே கேட்டு, விடையை எழுத்து வழியே பெற்றுக்கொள்ளுங்கள்.

தோர்ஸ்டீன் வெப்ளன் 1899இல் எழுதிய நூலில், பிறர் காணவேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் நுகர்வைப் பற்றி விளக்கினார். கூரை மேல் காலியாக ஏறியிருக்கும் கேன்களைக் காணும்போது அவர் நினைவுக்கு வருகிறார். காட்சிக்காகச் செலவிடுவது அவரவர் விருப்பம். அதன் இடரைச் சாலையில் வரும் மற்றவர் ஏற்க வேண்டும் என்னும்போது அது பொதுப் பிரச்னையாகிறது. ஆகவே அரசு தெளிவான விதியை வகுக்கட்டும். அதுவரை, எடைமேடைச் சீட்டையும் எரிபொருள் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு புறப்படும் பழக்கத்தை நம் பயணிகள் தொடங்கட்டும்.